வீட்டிலேயே ஆடியோ எஃபெக்ட் செய்ய ஐசி, ரோட்டரி என்கோடர், நாப்: சென்னையில் வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டார், கீபோர்டு, வயலின், வீணை என எதற்காக இருந்தாலும் சரி, டிலே (எதிரொலி), ஃபஸ் (கரகரப்பான ஒலி), கோரஸ் (பலர் சேர்ந்து வாசிப்பது போன்ற ஒலி) போன்ற எஃபெக்ட் பெட்டிகளைச் சொந்தமாகச் செய்ய நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சால்டரிங் ஓரளவு தெரியும், மல்டிமீட்டர் ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

எந்த வரிசையில் வாங்க வேண்டும்?

ஒரு சர்க்யூட் பிடித்துப்போனதும் பிசிபிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, பிறகு பாகங்களைத் தேடிக் கிளம்புகிறவர்கள் அதிகம். இதை அப்படியே திருப்பிப் போடச் சொல்வேன். எளிதில் கிடைக்காத ஐசியை முதலில் வாங்குங்கள். அடுத்து கை படும் பாகங்கள்: பாட் (வால்யூம் கண்ட்ரோல்), என்கோடர் (முடிவில்லாமல் சுற்றும் கண்ட்ரோல்), கால் சுவிட்ச், நாப் (ஷாஃப்டில் மாட்டும் குமிழ்). இவையெல்லாம் மேசைக்கு வந்து, அளந்து பார்த்த பிறகு போர்டு. பெட்டியில் துளை போடுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

ரெசிஸ்டரும் கண்டன்சரும் என்றைக்குப் போனாலும் கிடைக்கும். என்கோடர் அப்படியில்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டில் ஷாஃப்ட் நீளம் வேறாக இருக்கும், கிளிக் எண்ணிக்கை வேறாக இருக்கும், ஒன்றில் அழுத்தும் சுவிட்ச் இருக்கும், மற்றதில் இருக்காது. அடுத்த மாதம் அதே கடைக்குப் போனால் அதே சரக்கு வந்திருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. அதனால் மூன்று என்கோடர் தேவையென்றால் ஐந்தாக வாங்கி வையுங்கள்.

ரிச்சி தெருவிலேயே எல்லாம் கிடைத்துவிடுமா?

முக்கால்வாசி கிடைத்துவிடும். ரிச்சி தெரு என்று பெயர் சொன்னாலும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சந்தை. செல்போன் உறை, சிசிடிவி கேமரா, லேப்டாப் கடைகள்தான் முதலில் கண்ணில் படும். உதிரிபாகக் கடைகள் பலவும் உள்ளே தள்ளியும் மாடியிலும் இருக்கும். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் போர்டு, கேபிள் என்றால் நரசிங்கபுரம் தெருப் பக்கம் போய்ப் பாருங்கள். மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். பறக்கும் ரயிலில் வருகிறவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் இருக்காது. சனிக்கிழமை மாலை கூட்டத்தில் நின்று பேசி வாங்குவது சிரமம். வார நாளில் முற்பகலே நல்ல நேரம்.

உள்ளூர் ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக்குகள் எதை வாங்குகிறார்களோ அது அங்கே தாராளமாக இருக்கும். 4558, டிஎல்072, என்இ5532, எல்எம்358, எல்எம்386, சிடி4049, 78எல்05, பிசி547, பிசி549, 1என்4148 எல்லாம் இந்த வகை. பிடி2399-ம் இதில்தான் வருகிறது. கல்யாண மண்டபத்து மைக் செட்டிலும் கரோக்கி ஆம்ப்ளிஃபயரிலும் கேட்கும் எக்கோவைப் பல இடங்களில் இந்த ஐசிதான் தருகிறது. அதனால்தான் சில பத்து ரூபாய்க்கு அது கிடைக்கிறது. எக்கோ போர்டு என்று கேட்டால் அதை வைத்துச் செய்த முழு போர்டே கொடுப்பார்கள்.

கிட்டார் பெடலுக்கென்றே இருக்கும் சரக்குதான் சிரமம். எஃப்வி-1 (ரிவெர்ப் ஐசி), பக்கெட் பிரிகேட் ஐசிகள் (ஒலியை அனலாக் முறையில் தாமதப்படுத்துபவை), ஜே201 டிரான்சிஸ்டர், நல்ல 3பிடிடி (ஒன்பது கால்) கால் சுவிட்ச், வார்ப்பு அலுமினியப் பெட்டி, உலோக நாப் ஆகியவற்றை நம்பி ரிச்சி தெருவுக்குப் போக வேண்டாம். இருந்தால் அதிர்ஷ்டம்.

கடையில் எப்படிக் கேட்பது? நான் சொல்லும் பெயர் அவர்களுக்குப் புரிவதில்லையே?

கிட்டார் வீடியோக்களில் வரும் பெயர்கள் கவுன்ட்டரில் செல்லாது. பொட்டென்ஷியோமீட்டர் என்பதைவிட ‘வால்யூம் கண்ட்ரோல்’ அல்லது ‘பாட்’ என்றால் சட்டென்று எடுப்பார்கள். ஐசியைச் செருகும் சாக்கெட் இங்கே ‘ஐசி பேஸ்’. துளை போட்ட பொதுப் போர்டு ‘ஜீரோ போர்டு’ அல்லது ‘டாட் போர்டு’. கிட்டார் ஒயரின் 6.35 மி.மீ. பின் ‘பி-38’, காதுக்கருவியின் 3.5 மி.மீ. பின் ‘ஈபி’. சூடுபடுத்தினால் சுருங்கும் குழாய் ‘ஸ்லீவ்’. ரேடியோ காலத்துப் பெரியவர்கள் கெபாசிட்டரை இன்றும் கண்டன்சர் என்றே சொல்வார்கள், எனக்கும் அதுவே பழகிவிட்டது.

இன்னொன்று. நீங்கள் சொல்லாவிட்டாலும் ‘டிப்பா, எஸ்எம்டியா’ என்று கேட்பார்கள். ஜீரோ போர்டில் செருகும்படி நீளக் கால்கள் உள்ளது டிப், போர்டின் மேற்பரப்பிலேயே வைத்து சால்டர் செய்வது எஸ்எம்டி. பட்டியலைத் தாளில் எழுதி, எண்ணிக்கையோடு நீட்டிவிடுங்கள். ‘அண்ணா, இதில் இருக்கிறதை மட்டும் எடுத்துக் கொடுங்க’ என்றால் போதும், வரிசையாக டப்பாக்களைத் திறப்பார்கள். பத்து ரெசிஸ்டருக்காக ஒவ்வொரு மதிப்பாகக் கேட்டு அவர்களை நிற்க வைப்பது நியாயம் இல்லை. ரெசிஸ்டரை மதிப்புக்கு நூறாக வாங்கிவிடுங்கள்.

‘இது இல்லை, இதற்குப் பதில் இதைப் போடலாம்’ என்று மாற்று ஐசி தருவார்கள். ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் வேலைக்கு அது பெரும்பாலும் சரியாக இருக்கும். எஃபெக்டில் எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதை வீட்டிலேயே குறித்துக்கொண்டு போங்கள். 4558-க்குப் பதில் டிஎல்072 பல இடங்களில் செல்லும், கால் வரிசை ஒன்றுதான். வீணையில் ஒட்டிய பீசோ தகட்டுக்கு (அதிர்வை மின் சிக்னலாக்கும் தகடு) முன்-ஆம்ப் செய்யும்போது டிஎல்072-க்குப் பதிலாக என்இ5532 போட்டால் சரிவராது. பீசோவுக்கு 1 மெகா ஓமுக்குக் குறையாத நுழைவு வேண்டும், என்இ5532-ன் உள்ளீடு இழுக்கும் மின்னோட்டம் அதற்கு மிக அதிகம்.

வாங்கிய ஐசி அசலா, மேலே வேறு பெயர் அச்சடித்ததா? எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணால் பார்ப்பது முதல் படி. மேற்பரப்பைச் சுரண்டிக் கறுப்பு பூசி மறுபடி அச்சடித்திருந்தால், அசிட்டோனில் நனைத்த பஞ்சால் தேய்க்கும்போது பஞ்சில் கறுப்பு இறங்கும். ஒரே குழாயிலிருந்து எடுத்த ஐசிகளில் அடிப்பக்கக் குறிகள் ஆளுக்கொன்றாக இருந்தாலும் சந்தேகப்படலாம். ஆனால் இப்போது வரும் போலிகள் லேசரில் எழுதப்பட்டு அழகாகவே இருக்கின்றன. அதனால் அளந்து பார்ப்பதே நம்பகம். டிஎல்072 என்று வாங்கியதைச் சோதிக்க இரண்டு 9 வோல்ட் பேட்டரியும் ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டரும் போதும்.

இரண்டு பேட்டரிகளையும் தொடராக இணைத்து, நடுப்புள்ளியைக் கிரவுண்டாக வையுங்கள். ஐசியின் 8-ம் காலுக்குப் பிளஸ், 4-ம் காலுக்கு மைனஸ். 1-ஐயும் 2-ஐயும் சேர்த்துவிடுங்கள். 3-ம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம். மற்றப் பாதி சும்மா ஆடாமல் இருக்க 6-ஐயும் 7-ஐயும் சேர்த்து, 5-ஐ நேராகக் கிரவுண்டில் இணையுங்கள். இப்போது 1-ம் காலில் டிசி வோல்ட் பாருங்கள். டிஎல்072-ன் நுழைவு ஜேஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வகை என்பதால் அதில் மின்னோட்டம் ஏறக்குறைய ஓடாது. சில மில்லிவோல்ட்தான் காட்டும், அதிகம் போனால் 10. உள்ளே 358-ஓ 4558-ஓ இருந்தால் பல பத்து மில்லிவோல்ட் வரும். என்இ5532 என்றால் 200-ஐ ஒட்டி வரும்.

அப்புறம் பேட்டரியோடு தொடராக மீட்டரை வைத்து மின்னோட்டத்தையும் பாருங்கள். டிஎல்072 இரண்டு பாதிக்கும் சேர்த்து 3 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும், என்இ5532 சுமார் 8. அரை மில்லி ஆம்பியர்கூட இல்லையென்றால் அது டிஎல்062-ஆக இருக்கலாம். அதுவும் ஜேஃபெட்தான், ஆனால் இரைச்சல் கூடுதல்.

சோதனையில் தோற்ற ஐசியை எறிய வேண்டாம். 358 என்று தெரிந்தால் அதை எல்எஃப்ஓ பகுதியில் (கோரஸ் போன்றவற்றில் ஒலியை மெதுவாக அசைக்கும் பகுதி) போடலாம், அங்கே இரைச்சல் பெரிய விஷயமில்லை.

பிடி2399-ஐ வைத்து டிலே செய்கிறேன். சில நேரம் ஆன் செய்ததும் எக்கோவே வருவதில்லை. ஐசி கெட்டதா?

பெரும்பாலும் ஐசி நன்றாகத்தான் இருக்கும். தாமத நேரத்தை முடிவு செய்வது 6-ம் காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டன்ஸ். தயாரிப்பாளர் தந்திருக்கும் அட்டவணைப்படி 27.6கே (கிலோ ஓம்) வைத்தால் சுமார் 342 மில்லி விநாடி, 0.5கே வைத்தால் சுமார் 31 மில்லி விநாடி. மின்சாரம் வரும் கணத்தில் இந்த ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவாக இருந்தால் சில ஐசிகள் உள்ளே சிக்கிக்கொண்டு வேலை செய்ய மறுக்கும். பாட்டோடு தொடராக 2கே-க்கு மேல் ஒரு ரெசிஸ்டரை நிரந்தரமாக வைத்துவிட்டால் தீர்ந்தது. கோரஸுக்காக மிகக் குறைந்த தாமதம் வேண்டுமென்றால், ஆன் ஆனதும் சற்று நேரம் கழித்து ரெசிஸ்டன்ஸைக் குறைக்கும் டிரான்சிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

இந்த ஐசிக்கு 5 வோல்ட்தான். 9 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் போய்விடும். பக்கத்திலேயே 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் ஒரு 78எல்05 வையுங்கள். ஒரு தொகுப்புக்கும் இன்னொன்றுக்கும் குணம் மாறுவதும் உண்டு, ஐசி பேஸில் வைத்து மாற்றி மாற்றிக் கேளுங்கள். தாமதம் நீள நீளக் கரகரப்பு கூடுவது இதன் இயல்பு. எனக்கு அந்தக் கரகரப்பு பிடிக்கும். சுத்தமான அரை விநாடி டிலே வேண்டும் என்பவர்கள் டிஜிட்டல் போர்டுக்குப் போவதே நல்லது.

எஃப்வி-1, எம்என்3207 போன்றவற்றுக்கு எங்கே போவது?

இவற்றைக் கடை கடையாகத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எஃப்வி-1 ஸ்பின் செமிகண்டக்டர் நிறுவனத்தின் ரிவெர்ப் ஐசி. 28 கால், எஸ்எம்டி மட்டுமே, 3.3 வோல்ட். உள்ளேயே 8 புரோகிராம் இருக்கும், வெளியே ஒரு 24எல்சி32 இஇபிராம் (நினைவக ஐசி) வைத்தால் இன்னும் 8. மூன்று பாட்டுகளை நேராக இணைக்கலாம். கடிகாரத்துக்கு 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வேண்டும். அது கைக்கடிகாரங்களில் இருக்கும் அதே வகை, ரிச்சி தெருவில் தாராளம். ஐசியை மட்டும் நம்பகமான விநியோகஸ்தரிடம் வாங்குங்கள். கால் இடைவெளி 1.27 மி.மீ. என்பதால் கையாலேயே சால்டர் செய்துவிடலாம்.

எம்என்3007, எம்என்3207 ஆகியவை மட்சுஷிடா செய்த பக்கெட் பிரிகேட் ஐசிகள், உற்பத்தி நின்று நாளாகிவிட்டது. ‘புத்தம்புது அசல் எம்என்3007’ என்று யாராவது மலிவாக விற்றால் விட்டுவிடுங்கள். கூல்ஆடியோ செய்யும் வி3207, அதற்குத் துணையான வி3102 கடிகார ஐசி, பெல்லிங் செய்த பிஎல்3207 ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். இந்த 3207 குடும்பம் 5 வோல்ட்டிலேயே ஓடும் என்பதும் வசதி.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், ஜேஃபெட் இங்கே கிடைக்குமா?

பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் ஏசி128 போன்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைச் செய்தது. பழைய இருப்பு சில கடைகளில் அடி டப்பாவில் கிடக்கும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களிலும் இருக்கும். கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் கசிவைப் பார்க்காமல் போர்டில் ஏற்றாதீர்கள். பேஸைத் தொங்கவிட்டு, எமிட்டருக்குப் பிளஸ் 9 வோல்ட், கலெக்டரிலிருந்து 2.2கே வழியாக மைனஸ் என்று இணைத்து, ரெசிஸ்டர் மேல் வோல்ட் பாருங்கள். 0.44 வோல்ட் என்றால் கசிவு 200 மைக்ரோ ஆம்பியர். அதற்கு மேல் போனால் ஃபஸ் சர்க்யூட்டில் பயஸ் (டிரான்சிஸ்டருக்கு அமைத்த ஓய்வுநிலை வோல்ட்) நிற்காது.

சென்னைக்காரர்கள் இதில் ஒன்று கவனிக்க வேண்டும். ஜெர்மானியத்தின் கசிவு வெப்பத்தோடு வேகமாக ஏறும், ஏறக்குறைய 10 டிகிரிக்கு இரட்டிப்பு. மார்கழியில் ஏசி அறையில் அமைத்த ஃபஸ், கத்திரி வெயிலில் திறந்தவெளி மேடையில் வேறு சத்தம் போடும். கலெக்டர் ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு டிரிம் பாட் வைத்து, வெளியிலிருந்தே திருப்பும்படி விடுங்கள். மேடையில் வாசிப்பதற்காகவே செய்கிறீர்கள் என்றால் நான் சிலிக்கான் ஃபஸைத்தான் சொல்வேன், பிசி108 குடும்பம் இதற்குப் பேர்போனது.

ஜேஃபெட் என்று கேட்டால், கல்லூரி ஆய்வகங்களின் புண்ணியத்தில், உலோகக் குல்லாய் போட்ட பிஎஃப்டபிள்யூ10 கிடைக்கும். அதை ஜே201-க்குப் பதிலாக அப்படியே போட முடியாது. ஜே201 அதிகபட்சம் 1 மில்லி ஆம்பியர் விடும் இடத்தில் இது 8 முதல் 20 விடும். சர்க்யூட்டை இதற்கேற்ப மறுபடி கணக்குப் போட வேண்டும். ஜே201-ஐ எம்எம்பிஎஃப்ஜே201 என்ற எஸ்எம்டி வடிவில் வாங்கி, சின்ன மாற்றுப் பலகையில் ஏற்றுவது சுலபம்.

பாட் போதுமா, ரோட்டரி என்கோடர் எப்போது வேண்டும்?

ஃபஸ், டிஸ்டார்ஷன், பிடி2399 டிலே என்று அனலாக் வேலை என்றால் பாட் மட்டுமே. என்கோடருக்கு அங்கே இடமில்லை, அதற்குள்ளே ரெசிஸ்டன்ஸ் எதுவும் மாறுவதில்லை. ஏ, பி என்ற இரண்டு தொடுமுனைகள் பொதுவான சி முனையோடு சேர்ந்து பிரிவதுதான் அதன் வேலை முழுதும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒரு துடிப்பில் கால்பங்கு முன்பின்னாக மாறும். எது முந்துகிறது என்று பார்த்து, எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று மைக்ரோகண்ட்ரோலர் கண்டுபிடிக்கும்.

டீன்சி, டெய்சி சீட், இஎஸ்பி32 போன்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் எஃபெக்ட் எழுதும்போது, சேமித்து வைத்த அமைப்புகளை மாற்றிப் போடுகிறீர்கள் என்றால் என்கோடர்தான் சரி. பாட் என்றால் அமைப்பை மாற்றிய பிறகும் குமிழ் பழைய இடத்திலேயே நிற்கும், தொட்டதும் மதிப்பு குதிக்கும். என்கோடருக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை என்பதால் அந்தத் தொல்லை வராது. பட்டியலை உருட்டித் தேர்ந்தெடுக்கவும் அது கச்சிதம்.

ஆனாலும் எல்லாவற்றையும் என்கோடர் ஆக்கிவிடாதீர்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போது குனிந்து ஒரு திருப்பில் ஃபீட்பேக்கை (எக்கோ திரும்பத் திரும்ப வரும் அளவை) குறைக்க வேண்டும் என்றால் பாட்டுக்கு ஈடு இல்லை. குமிழ் நிற்கும் இடத்தைப் பார்த்தாலே மதிப்பு தெரியும். ஒரு பெட்டியில் என்கோடர் ஒன்று, பாட் மூன்று நான்கு என்பதே எனக்குப் பிடித்த அளவு. பாட்டுக்கு 10கே லீனியர் (திருப்பும் அளவுக்கு ஏற்பச் சீராக மாறும் வகை) வாங்கி, நடுக்காலில் 100 நானோ ஃபாரட் ஒன்று வைத்துவிடுங்கள்.

என்கோடர் வாங்கும்போது கவுன்ட்டரிலேயே என்ன பார்க்க வேண்டும்?

சந்தையில் அதிகம் இருப்பது இசி11 அளவு. ஆல்ப்ஸ் நிறுவனத்தின் வடிவம் அது. மலிவில் வருவது அதைப் பார்த்துச் செய்ததாகவே இருக்கும். பழகுவதற்கு அது போதும். தினமும் கையாளும் பெட்டிக்கு ஆல்ப்ஸ் அல்லது போர்ன்ஸ் பிஇசி11ஆர் வாங்குவது நல்லது, விலை சில மடங்கு கூடினாலும் திருப்பும்போதே வித்தியாசம் விரலில் தெரியும்.

கிளிக் எண்ணிக்கையும் துடிப்பு எண்ணிக்கையும் வேறு வேறு. 20 கிளிக், 20 துடிப்பு என்பது பரவலான வகை, ஒரு கிளிக்குக்கு ஒரு முழுச் சுழற்சி. 30 கிளிக், 15 துடிப்பு என்று ஒரு வகை உண்டு, அதில் ஒரு கிளிக்குக்கு அரைச் சுழற்சிதான். புரோகிராம் எழுதும்போது இது தெரியாவிட்டால் தலை சுற்றும். ஒரு முழுச் சுழற்சியில் நான்கு மாற்றங்கள் வரும், நான்கையும் எண்ணும் நிரலில் முதல் வகை கிளிக்குக்கு 4 கூட்டும், இரண்டாவது வகை 2 கூட்டும். வகுத்துக்கொள்ள வேண்டும்.

மீட்டரைக் கையோடு கொண்டு போங்கள். கண்டின்யுட்டியில் வைத்து, மூன்று கால் பக்கத்தில் நடுக்கால் சி, ஓரக்கால் ஏ. மெதுவாகத் திருப்பினால் பீப் ஒழுங்காக விட்டு விட்டு வர வேண்டும். அப்புறம் பி. எதிர்ப்பக்கத்து இரண்டு கால்கள் அழுத்தும் சுவிட்ச், அழுத்தினால் மட்டும் பீப். ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்றிருந்தால் வேண்டாம். கழுத்தில் மரையும் நட்டும் இருக்கிறதா என்பதும் முக்கியம், மரை இல்லாதது போர்டிலேயே நிற்கும், பெட்டியில் இறுக்க முடியாது. மரை இருந்தால் எம்7, பெட்டியில் 7 மி.மீ. துளை போதும்.

ரோபாட்டிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் எல்லாம் கேஒய்-040 என்ற சின்னப் போர்டு இருக்கும். சோதனைக்கு வசதி, ஏ, பி இரண்டுக்கும் 10கே புல்-அப் (பிளஸ் பக்கம் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) அதிலேயே இருக்கிறது. சுவிட்சுக்குப் பெரும்பாலும் இருக்காது, நிரலில் போட்டுக்கொள்ளுங்கள். 3.3 வோல்ட் மைக்ரோகண்ட்ரோலர் என்றால் அந்தப் போர்டுக்கும் 3.3-தான் கொடுக்க வேண்டும்.

திருப்பினால் எண் முன்னும் பின்னும் குதிக்கிறதே?

தொடுமுனை ஒவ்வொரு முறை சேரும்போதும் சற்று நேரம் அதிரும், மைக்ரோகண்ட்ரோலர் அதையும் எண்ணிவிடுகிறது. 10கே புல்-அப், அதற்குப் பிறகு தொடராக 10கே, உள்ளீட்டுக் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோ ஃபாரட் என்று ஏ, பி இரண்டுக்கும் வைத்தால் பெரும்பகுதி அடங்கும். மீதியை நிரலில் பாருங்கள். முந்தைய நிலையிலிருந்து நியாயமாக வரக்கூடிய அடுத்த நிலையை மட்டும் ஏற்று, மற்றதைத் தள்ளிவிடும் அட்டவணை முறை நன்றாக உழைக்கும். காத்திருக்கும் கட்டளை போட்டு அதிர்வைத் தவிர்க்க முயலாதீர்கள், அது ஆடியோவில் டிக் டிக் என்று கேட்கும்.

புதிதில் நன்றாக இருந்து, சில மாதத்தில் குதிக்கத் தொடங்கினால் அது உப்புக்காற்று வேலை. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இருப்பவர்களுக்கு இது சீக்கிரமே வரும். காண்டாக்ட் கிளீனர் அடித்து இரு பக்கமும் பலமுறை திருப்புங்கள். வாங்கி வைத்த பாட், என்கோடர், சுவிட்ச் எல்லாவற்றையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

நாப் ஏன் பொருந்துவதில்லை?

பெரிய பணம் போகாமல் நிறையப் பேரை அலைய வைப்பது இந்தச் சின்னப் பொருள்தான். ஷாஃப்ட் நான்கு விதமாக வருகிறது. ஒரு பக்கம் தட்டையான 6 மி.மீ. டி வடிவம், தட்டைப் பக்கத்தில் அளந்தால் 4.5 மி.மீ. இருக்கும், என்கோடர்கள் பெரும்பாலும் இதுதான். 18 பல் வெட்டிய 6 மி.மீ., நடுவே பிளவுபட்டது, மலிவான பாட்டுகளில் இருக்கும். பல் இல்லாத 6 மி.மீ. உருண்டை. கடைசியாக அமெரிக்க அளவான 6.35 மி.மீ., அதாவது கால் அங்குலம்.

பல் வெட்டிய ஷாஃப்டுக்குச் செருகும் நாப் எடுக்கலாம். உலோக நாப்களிலும் கிட்டார் ஆம்ப் பாணி நாப்களிலும் பக்கவாட்டில் கிரப் ஸ்க்ரூ (இறுக்கும் குட்டித் திருகு) இருக்கும், துளை பெரும்பாலும் 6.35 இருக்கும். 6 மி.மீ. ஷாஃப்டில் அதைப் போட்டு இறுக்கினால் நிற்கும், ஆனால் மையம் விலகி, திருப்பும்போது கோணலாகச் சுற்றும். ஷாஃப்டின் மேல் மெல்லிய ஸ்லீவ் ஒன்றைச் சுருக்கிவிட்டுப் போட்டால் நேராக நிற்கும். இதற்கு எதிர்மாறாக, 6.35 ஷாஃப்டில் 6 மி.மீ. நாப் ஏறவே ஏறாது. பல் வெட்டிய பித்தளை ஷாஃப்டில் கிரப் ஸ்க்ரூவை முறுக்கினால் பிளவு நசுங்கும், பிளவில் ஒரு தகட்டுத் துண்டைச் செருகிக்கொள்ளுங்கள்.

உயரமும் பார்க்க வேண்டும். 15 மி.மீ., 20 மி.மீ. என்று சொல்வது கழுத்தையும் சேர்த்த அளவு. 20 வாங்கி, குட்டை நாப் போட்டால் பெட்டிக்கும் நாப்புக்கும் நடுவே ஷாஃப்ட் துருத்திக்கொண்டு தெரியும். ஹேக்ஸா பிளேடால் வெட்டலாம், வெட்டும்போது ஷாஃப்டை வைஸில் பிடியுங்கள், பாட்டின் உடலைப் பிடிக்கக் கூடாது. அழுத்தும் என்கோடர் என்றால் நாப் பெட்டியைத் தொடாமல் 1 மி.மீ. மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சுவிட்ச் அழுந்தாது.

காலால் தட்டுப்படும் பெடலுக்கு 20 மி.மீ. விட்டத்துக்கு மேல் நாப் வேண்டாம். கோடு தெளிவாகத் தெரியும் நாப்பாக எடுங்கள், மேடை இருட்டில் வெள்ளைக் கோடு ஒன்றே வழிகாட்டி.

பாட்டில் ஏ, பி என்று இருப்பது என்ன?

ஆசியத் தயாரிப்புகளில் பி என்றால் லீனியர், ஏ என்றால் லாக் (முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் மாறுவது). பி100கே என்பது 100கே லீனியர். பழைய ஐரோப்பிய பாட்டுகளில் இது தலைகீழாக இருக்கும். வால்யூமுக்கு ஏ, டோனுக்கும் டிலே நேரத்துக்கும் சர்க்யூட் சொன்னபடி. சந்தேகமென்றால் நடுவில் நிறுத்தி மீட்டரில் பாருங்கள், இரு பக்கமும் சமம் என்றால் லீனியர்.

காயலாங்கடையில் தேடலாமா?

தாராளமாக. பழைய ஹோம் தியேட்டர் பெட்டிகளில் முடிவில்லாமல் சுற்றும் வால்யூம் குமிழ் என்றால் உள்ளே என்கோடர்தான். மைக் செருகும் துளை உள்ளவற்றில் பல நேரம் பிடி2399-ம் இருக்கும். ரிச்சி தெருவிலிருந்து அதிக தூரமில்லாத புதுப்பேட்டையில் பழைய கார் ஸ்டீரியோக்கள் வரும், அவற்றின் என்கோடரும் நாப்பும் ஜோடியாகவே கிடைத்துவிடும். என்கோடரைக் கழற்றும்போது நிறைய ஈயம் சேர்த்து எல்லாக் கால்களையும் ஒன்றாக உருக்கி எடுங்கள், ஒவ்வொன்றாக நெம்பினால் பிளாஸ்டிக் உருகிவிடும்.

கால் சுவிட்ச், பெட்டி, அடாப்டர்?

3பிடிடி சுவிட்சை ஆன்லைனில் வாங்குங்கள், துளை 12 மி.மீ. ஒன்பது கால்களிலும் சால்டரிங் இரும்பை நீண்ட நேரம் வைக்காதீர்கள், உள்ளே உள்ள மசகு உருகித் தொடுமுனைக்குள் இறங்கும்.

வார்ப்பு அலுமினியப் பெட்டியில் 125பி அளவு, அதாவது ஏறக்குறைய 122க்கு 66 மி.மீ., தொடங்குபவருக்கு நல்லது. மலிவாக வேண்டுமானால் வீட்டுச் சுவிட்ச் போர்டுக்குச் சுவரில் பதிக்கும் ஜிஐ பெட்டியை ஹார்டுவேர் கடையில் வாங்கி, மேல் தகடு ஒன்று வைத்துக்கொள்ளலாம். எப்படியும் உலோகமாக இருக்கட்டும், பிளாஸ்டிக் டப்பாவில் இரைச்சலைத் தடுக்க முடியாது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே அளவில் செய்வதென்றால் அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் தகட்டு வேலை செய்பவர்களையும் பவுடர் கோட்டிங் செய்பவர்களையும் கேளுங்கள். ஒற்றைப் பெட்டிக்கு அவர்கள் ஒத்துக்கொள்வது கடினம்.

அடாப்டரில் கவனம் தேவை. கிட்டார் பெடல்களில் பின்னின் நடுவே மைனஸ். செட்டாப் பாக்ஸ் அடாப்டர் உட்பட நம் வீட்டில் கிடப்பவை எல்லாம் பெரும்பாலும் நடுவே பிளஸ். நுழைவிலேயே தொடராக ஒரு 1என்5817 டயோடு வைத்துவிட்டால் மாற்றிச் செருகினாலும் ஐசி பிழைக்கும்.

ஆன்லைனில் எங்கே? வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

என்கோடர், மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, சாதாரண ஐசி என்றால் உள்நாட்டுத் தளங்களே போதும். புனேயில் ரோபு, நவி மும்பையில் எவெல்டா, பெங்களூரில் ப்ரோபாட்ஸ், கொச்சியில் ரைடோலேப்ஸ் போன்றவை சென்னைக்கு அனுப்புகின்றன. படத்தை நம்பாமல் ஷாஃப்ட் நீளம், துடிப்பு எண்ணிக்கை இரண்டும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அசல்தான் வேண்டும் என்ற ஐசிக்கு மவுசர், டிஜிகீ, எலிமென்ட்14. ஒற்றை ஐசிக்கு அனுப்பும் செலவு கட்டுப்படியாகாது, நண்பர்கள் பட்டியலையும் சேர்த்து ஒன்றாகப் போடுங்கள். 3பிடிடி, பாட், நாப், துளையிட்ட பெட்டி என்று பெடல் சாமான் மொத்தமும் ஒரே இடத்தில் வேண்டுமானால் தாய்லாந்தின் டேடா எலக்ட்ரானிக்ஸ் இந்த வேலைக்காரர்களிடையே பிரபலம். இறக்குமதியில் பொருள் விலையோடு அனுப்பும் செலவு, வரி, கூரியர்காரர் கையாளும் கட்டணம் எல்லாம் சேரும். அடையாள ஆவணமும் கேட்பார்கள். இன்வாய்ஸில் ஒவ்வொரு பொருளும் அதன் சரியான பெயரில் இருக்கச் சொல்லுங்கள், ‘பார்ட்ஸ்’ என்று மொட்டையாக எழுதி வந்த பொட்டலம்தான் சுங்கத்தில் நாள்கணக்கில் நிற்கும்.

முதல் பெட்டியாக எதைச் செய்வது?

ஒரு டிஎல்072, ஒரு பிடி2399, ஒரு 78எல்05, மூன்று பாட் கொண்ட டிலே. கால் சுவிட்சும் பெட்டியும் தவிர மற்றதெல்லாம் ரிச்சி தெருவில் ஒரே முற்பகலில் கைக்கு வந்துவிடும். பிரெட்போர்டில் ஓடவிட்டுக் கேளுங்கள், தாமதமும் ஃபீட்பேக்கும் மனதுக்குப் பிடித்த இடத்தில் நிற்கும் ரெசிஸ்டர் மதிப்புகளைக் குறித்துக்கொண்டு, பிறகு ஜீரோ போர்டுக்கு மாற்றுங்கள். என்கோடர் வைத்த டிஜிட்டல் பெட்டி இரண்டாவதாக இருக்கட்டும்.